எம்டனைத் தேடிப் போனோம்: பழைய நாளிதழ்களை இணையத்தில் தேடும் வழி

பத்தாம் வகுப்பில் முதல் உலகப் போர்ப் பாடம் நடத்தும்போது எம்டன் கப்பலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. எங்கோ ஐரோப்பாவில் நடந்த போர் நம் சென்னைக்கும் வந்து சேர்ந்தது என்று சொன்னவுடன் பின்வரிசையும் நிமிர்ந்து உட்காரும். 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி அளவில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு அருகே வந்து குண்டு வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்து எரிந்தன. உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் அந்த நிகழ்வைச் சொல்லும் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. கெட்டிக்காரனை, லேசில் பிடிபடாதவனை "அவன் பெரிய எம்டன்" என்று நம் தாத்தா பாட்டிகள் சொன்னதும் இந்தக் கப்பலை வைத்துத்தான்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். வழக்கம்போல இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னேன். விடுதலை வீரர் செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்தார் என்பது அது. நான் மாணவனாக இருந்தபோது கேட்டது. மேடைகளிலும் சில புத்தகங்களிலும் திரும்பத் திரும்பக் கேட்டது. முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி, சுதந்திர தினப் பேச்சுப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தவள், எழுந்து கேட்டாள்: "அது அன்னைக்குப் பேப்பர்ல வந்துச்சா சார்?"

வகுப்பில் பதில் சொல்ல முடியாத கேள்விகள் வருவது புதிதல்ல. ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் தேட இன்று வழி இருக்கிறது என்பது எனக்கு அரைகுறையாகத் தெரியும். மறுவாரம் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் உட்கார்ந்தோம். அங்கே கற்றுக்கொண்டவற்றை, தடுக்கி விழுந்த இடங்களையும் சேர்த்து, சக ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கே தேடுவது?

உலகின் பல நாடுகளில் தேசிய நூலகங்கள் தங்களிடம் உள்ள பழைய நாளிதழ்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கின்றன. ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்', நியூசிலாந்து தேசிய நூலகத்தின் 'பேப்பர்ஸ் பாஸ்ட்', அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் 'க்ரானிக்ளிங் அமெரிக்கா', சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் 'நியூஸ்பேப்பர் எஸ்ஜி' ஆகியவற்றில் நூறாண்டுக்கு முந்தைய இதழ்களைக் கட்டணம் இல்லாமல் படிக்கலாம். பிரிட்டிஷ் நாளிதழ்க் காப்பகம் மிகப் பெரியது. ஆனால் அதன் பெரும்பகுதிக்குச் சந்தா கட்ட வேண்டும்.

சென்னையில் நடந்ததைத் தேட ஆஸ்திரேலியாவுக்கு ஏன் போக வேண்டும் என்று மாணவர்களும் கேட்டார்கள். 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்கு அருகே எம்டனை அடித்து வீழ்த்தியது ஆஸ்திரேலியக் கடற்படையின் சிட்னி என்ற கப்பல். அதனால் அந்நாட்டு நாளிதழ்கள் எம்டனைப் பற்றி எழுதித் தள்ளியிருக்கின்றன. சிங்கப்பூருக்கும் காரணம் உண்டு. அக்டோபர் 28 அன்று எம்டன் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து ஒரு ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. சிங்கப்பூர் 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' இதழுக்கு அது பக்கத்து ஊர்ச் செய்தி. 1917 ஏப்ரல் வரை அமெரிக்கா போரில் சேரவில்லை. ஆகவே அங்குள்ள நாளிதழ்களில் ஜெர்மன் தரப்புச் செய்திகளும் வந்தன. ஒரு நிகழ்வைத் தேடும்போது, அது யாருக்கெல்லாம் செய்தியாக இருந்திருக்கும் என்று முதலில் யோசித்துவிட்டால், எந்தக் காப்பகத்தைத் திறப்பது என்பது பாதி முடிவாகிவிடும்.

அன்றைய சொல்லால் தேட வேண்டும்

முதல் நாள் மாணவர்கள் தேடுபெட்டியில் ஆங்கிலத்தில் 'முதல் உலகப் போர், சென்னை' என்று அடித்தார்கள். ஆண்டை 1914 என்று வரையறுத்தோம். உருப்படியாக ஒன்றும் வரவில்லை. வராததற்குக் காரணத்தை அவர்களே கண்டுபிடித்தால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன். ஒரு பையன்தான் சொன்னான்: "ரெண்டாவது போர் வந்த பிறகுதானே சார் இதை 'முதல்' போர்னு சொல்லுவாங்க?" அவ்வளவுதான். 1914இல் நாளிதழ்கள் அதை 'ஐரோப்பியப் போர்' என்றோ வெறுமனே 'போர்' என்றோ எழுதின. 'மாபெரும் போர்' என்ற பெயரும் வழங்கியது. இன்றைய பாடநூலின் தலைப்பு அன்றைய ஆசிரியர் குழுவுக்குத் தெரியாது.

ஊர்ப்பெயரும் அப்படித்தான். 'சென்னை' என்று ஆங்கிலத்தில் தேடினால் கிடைக்காது. 'மெட்ராஸ்' என்றே தேட வேண்டும். தஞ்சாவூருக்கு 'டேஞ்சூர்', திருச்சிக்கு 'ட்ரிச்சினாபொலி', திருநெல்வேலிக்கு 'டின்னவெலி', தூத்துக்குடிக்கு 'டூட்டிகோரின்', காஞ்சிபுரத்துக்கு 'கன்ஜீவரம்'. உங்கள் ஊரின் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டல் தெரியவில்லையானால் பழைய ரயில் நிலையப் பலகை, பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு, மாவட்டக் கையேடு ஆகியவற்றில் பாருங்கள். ஆட்களின் பெயரில் இன்னும் குழப்பம் அதிகம். காந்தியின் பெயரையே ஆங்கிலத்தில் 'ஹெச்' எழுத்தை இடம் மாற்றிப் போட்டு எழுதிய வெளிநாட்டு இதழ்கள் உண்டு. ஒரு பெயருக்கு நான்கைந்து எழுத்துக்கூட்டலைக் கரும்பலகையில் எழுதிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்துப் பார்ப்பதுதான் ஒரே வழி.

தமிழ் இதழ்களைப் படிக்கும்போதும் இதே கதைதான். அன்று ஆசிரியர் 'உபாத்தியாயர்', மாவட்டம் 'ஜில்லா', அரசு 'சர்க்கார்', செயலாளர் 'காரியதரிசி', தேர்தல் வேட்பாளர் 'அபேட்சகர்', கூட்டத் தலைவர் 'அக்கிராசனர்'. மாநாடு 'மகாநாடு'. இந்தப் பட்டியலை வகுப்பில் கொடுத்துவிட்டு, இச்சொற்கள் எப்போது மறைந்தன, ஏன் மறைந்தன என்று கேட்டால் அது தனியாக ஒரு தமிழ்ப் பாடவேளையை எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொள்ளட்டும்.

கணினியின் கண்

அடுத்து எங்களை அலைக்கழித்தது கணினியின் பார்வைக் கோளாறு. நாம் தேடுபெட்டியில் அடிக்கும் சொல்லைக் கணினி படத்தில் தேடுவதில்லை. ஓசிஆர் என்கிற எழுத்துணரி மென்பொருள் பக்கப் படத்தைப் பார்த்து, எழுத்துகளை ஊகித்து, ஓர் உரையை உருவாக்கி வைத்திருக்கிறது. தேடல் நடப்பது அந்த உரையில்தான். தேய்ந்துபோன அச்செழுத்து, மடிந்த காகிதம், மறுபக்கத்து மை ஊறித் தெரிவது, பக்கத்துப் பத்தி ஒட்டி நிற்பது என்று எத்தனையோ காரணங்களால் ஊகம் தவறும். ஆங்கிலத்தின் 'எம்' எழுத்தை 'ஆர்', 'என்' என இரண்டு எழுத்துகளாகவோ 'ஐ', 'என்' என்றோ அது படித்துவிடும். எம்டன் என்ற பெயரின் நடுவிலேயே 'எம்' இருக்கிறது! மிகப் பழைய ஆங்கில இதழ்களில், 1800க்கு முன், சொல்லின் நடுவில் வரும் 'எஸ்' எழுத்து ஏறத்தாழ 'எஃப்' போலவே அச்சிடப்பட்டிருக்கும். கணினி அதை அப்படியே நம்பிவிடும்.

இதற்குச் சில மாற்று வழிகள் உண்டு. கப்பல் பெயர் சிக்காவிட்டால் செய்தியில் கட்டாயம் வரக்கூடிய வேறு சொற்களைச் சேர்த்துத் தேடலாம். 'மெட்ராஸ்' என்பதோடு 'எண்ணெய்த் தொட்டி', 'குண்டுவீச்சு', 'குரூசர்' ஆகியவற்றின் ஆங்கிலச் சொற்களில் ஒன்றைச் சேர்த்தோம். அடுத்தடுத்து வர வேண்டிய சொற்களை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டால் அந்தத் தொடர் அப்படியே உள்ள பக்கங்கள் மட்டும் வரும். எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது தேதி வரையறை. செப்டம்பர் 22 முதல் செப்டம்பர் 30 வரை என்று குறுக்கிவிட்டால், சொல் சரியாக அமையாவிட்டாலும், தேடுவதை விட்டுவிட்டு இதழ்களைப் புரட்டியே பார்த்துவிடலாம். ஒன்பது நாள் இதழைப் புரட்டுவது ஒரு பெரிய வேலையல்ல; மாணவர்களுக்கு அதில்தான் அதிக மகிழ்ச்சி. செய்திக்கு அருகே தொப்பி விளம்பரமும் குதிரைப் பந்தய முடிவும் இருப்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே படித்தார்கள்.

'ட்ரோவ்' தளத்தில் விளம்பரம், குடும்ப அறிவிப்பு, செய்திக் கட்டுரை என்று வகை பிரித்துப் பார்க்கவும் வசதி உண்டு. எம்டன் புகழ் பெற்ற பிறகு பல வணிகர்கள் அந்தப் பெயரை விளம்பரத்திலும் பயன்படுத்தியிருப்பார்கள் என்பதால் நாங்கள் கட்டுரை வகையை மட்டும் தேர்ந்தெடுத்தோம்.

நாற்பது செய்தி, ஒரே சாட்சி

செய்திகள் வரிசையாக வந்து விழத் தொடங்கியதும் வகுப்பில் உற்சாகம் தாங்கவில்லை. "நாப்பது பேப்பர்ல வந்திருக்கு சார், அப்ப உண்மைதான்" என்றான் ஒருவன். இந்த இடத்தில் ஆசிரியர் குறுக்கே வந்தே ஆக வேண்டும். நான்கைந்து செய்திகளை அருகருகே திறந்து வைத்து முதல் மூன்று வரிகளை ஒப்பிடச் சொன்னேன். பெரும்பாலும் அதே வாக்கியங்கள். அக்காலத்தில் ஆஸ்திரேலிய இதழ்களின் வெளிநாட்டுச் செய்திகள் பெரும்பாலும் லண்டன் வழியாகக் கடலடித் தந்தியில் வந்தன. ஒரே தந்தியை நாடெங்கும் உள்ள இதழ்கள் அச்சிட்டன; சின்ன ஊர் இதழ்கள் பெரிய ஊர் இதழ்களிலிருந்து எடுத்துப் போட்டன. நாற்பது இடத்தில் வந்தாலும் சாட்சி ஒன்றுதான். சென்னையில் நடந்த செய்திக்கு மேலே 'லண்டன்' என்று ஊர்ப்பெயர் இருப்பதும் இதனால்தான். செய்தி வெளியான நாளும் நிகழ்வு நடந்த நாளும் வேறு என்பதை மாணவர்கள் குறிப்பேட்டில் இரண்டு தனிப் பத்திகளாக எழுதிவைத்தார்கள்.

போர்க்காலச் செய்தி என்பதையும் மறக்கக் கூடாது. பிரிட்டிஷ் அரசுக்கு உட்பட்ட நாடுகளில் தணிக்கை இருந்தது. இந்தியாவில் அதற்கு முன்பே 1910ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் இதழ்களின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பிணைத்தொகை கட்ட வேண்டும், அரசுக்குப் பிடிக்காததை எழுதினால் அது பறிபோகும். குண்டுவீச்சுக்குப் பிறகு சென்னையிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். அதை ஓர் இதழ் எத்தனை வரியில் சொல்கிறது, 'சேதம் அதிகமில்லை' என்ற தொனியில் எழுதுகிறதா என்று பார்ப்பதே ஒரு நல்ல பயிற்சி. இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்று வரும் கட்டுரைகள்கூட ஒத்துப்போவதில்லை. எது சரி என்று நான் சொல்லவில்லை. ஒவ்வோர் எண்ணுக்கும் அருகே அதைச் சொன்ன இதழின் பெயரையும் தேதியையும் எழுதுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

கிடைக்கவில்லை என்றால்?

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். செண்பகராமன் பெயரைப் பல எழுத்துக்கூட்டல்களில் அடித்துப் பார்த்தோம். 1914ஆம் ஆண்டு எம்டன் செய்திகளில் அவர் பெயர் எங்கள் கண்ணில் படவில்லை. உடனே வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. "அப்ப அவர் இல்லவே இல்லை" என்றது ஒரு பக்கம். "வெள்ளைக்காரன் பேப்பர், மறைச்சிருப்பான்" என்றது மறுபக்கம்.

இரண்டாவது வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. எதிரிக் கப்பலுக்குள் யார் இருந்தார்கள் என்பது அன்று கரையில் இருந்த நிருபருக்கு எப்படித் தெரியும்? தெரிந்தாலும் தணிக்கையாளர் விட்டிருப்பாரா? எழுத்துணரி தவறாகப் படித்திருக்கலாம். அந்த இதழே படமெடுக்கப்படாமல் இருக்கலாம். காப்பகத்தில் ஒன்று கிடைக்கவில்லை என்பதை வைத்து அது நடக்கவில்லை என்று தீர்ப்பு எழுத முடியாது. ஆய்வு மாணவர்களே தடுமாறும் இடம் இது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களாகவே இங்கு வந்து சேர்ந்ததில் எனக்குப் பெருமைதான்.

அப்படியானால் கேள்வியை எப்படித் தீர்ப்பது? 'கப்பலில் இருந்தாரா' என்று கேட்பதை விட்டு, 'அந்த நாள்களில் அவர் எங்கே இருந்தார், கப்பல் எங்கே இருந்தது' என்று கேட்டோம். கப்பலின் பாதை தெளிவு. அது கிழக்காசியாவில் நிறுத்தப்பட்டிருந்த கப்பல். 1914 ஜூலை இறுதியில் சீனத்தின் சிங்டாவ் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. செப்டம்பரில் வங்காள விரிகுடாவில் வணிகக் கப்பல்களைப் பிடித்து மூழ்கடித்தது. சென்னை, பினாங்கு, கடைசியில் கோகோஸ் தீவுகள். செண்பகராமனோ போர் தொடங்கிய மாதங்களில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இந்திய விடுதலைக்கு ஆதரவு திரட்டும் குழு ஒன்றைத் தலைமையேற்று நடத்தினார் என்றும், அக்டோபரில் பெர்லின் சென்று அங்கிருந்த இந்தியப் புரட்சியாளர் குழுவில் சேர்ந்தார் என்றும் வரலாற்று நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. ஒருவர் ஒரே மாதத்தில் சூரிச்சிலும் வங்காள விரிகுடாவிலும் இருக்க முடியாது.

ஆண்டுக்கணக்காக நான் சொல்லிவந்த ஒரு தகவல் அன்று என் கண்முன்னே கரைந்தது. கூச்சமாகத்தான் இருந்தது. மாணவர்களிடம் அதை ஒளிக்கவில்லை. செண்பகராமன் ஐரோப்பாவில் செய்த வேலை சிறியதல்ல. அதைச் சொல்ல அவரைக் கப்பலில் ஏற்ற வேண்டிய தேவையும் இல்லை.

தமிழ் இதழ்களுக்கு என்ன வழி?

நம் இதழ்களில் என்ன எழுதினார்கள் என்று பார்க்காமல் இந்த ஆய்வு முடியாது. 'சுதேசமித்திரன்' 1882இல் வார இதழாகத் தொடங்கி 1899இல் நாளிதழானது. ஆகவே எம்டன் வந்தபோது சென்னையில் தமிழ் நாளிதழ் இருந்தது. சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகம், ஈழத்து இதழ்களுக்கு 'நூலகம்' இணையத்தளம் ஆகியவை பழைய தமிழ் இதழ்களைத் தேடுவோர் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள். எந்த ஆண்டு, எந்த மாதத்து இதழ் இருக்கிறது என்று பட்டியலைப் பார்த்துக்கொண்டு தொடங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும். சிங்கப்பூரில் 1935இல் தொடங்கிய 'தமிழ் முரசு' இதழின் பழைய பக்கங்கள் அந்நாட்டு நூலகக் காப்பகத்தில் உள்ளன.

ஆங்கில இதழ்களில் போலச் சொல் அடித்துத் தேடும் வசதி பழைய தமிழ் இதழ்களுக்குப் பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. அச்செழுத்தின் வடிவங்களே மாறிவிட்டன. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் வரை ணை, லை, ளை, னை ஆகியவை தும்பிக்கை போல வளைந்த கொம்புடன் அச்சாயின. ணா, றா, னா சுழித்து எழுதப்பட்டன. பெரியாரின் 'குடி அரசு' மட்டும் 1935இலேயே புதிய வடிவுக்கு மாறிவிட்டது. எனவே தமிழில் தேடும்போது நாங்கள் தலைகீழாகப் போனோம். ஆங்கிலக் காப்பகத்தில் தேதியை உறுதிசெய்துகொண்டு, அந்தத் தேதியை ஒட்டிய தமிழ் இதழைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவது. தேதியிலும் ஒரு சிக்கல் வரும். பழைய தமிழ் இதழ்களின் முகப்பில் தமிழ் ஆண்டும் மாதமும் இருக்கும். 1914 செப்டம்பர் 22 என்பது ஆனந்த வருடம் புரட்டாசி மாதம். நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵ என்ற குறிகளைப் பார்த்து மாணவர்கள் திகைத்தால், பஞ்சாங்கத்தை எடுத்துக் காட்டுங்கள். வீட்டில் தாத்தாவிடம் கேட்டு வரச் சொன்னால் இன்னும் நல்லது.

வகுப்பறைக்குக் கொண்டுபோகும்போது

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இது நமக்கு அல்ல என்று நினைக்க வேண்டாம். நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு ஒரே ஒரு பழைய விளம்பரப் பக்கத்தை அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். சோப்பு, சைக்கிள், விளக்கு. விலை ரூபாய், அணா, பை கணக்கில். 16 அணா ஒரு ரூபாய், 12 பை ஓர் அணா என்று சொல்லிவிட்டால் கணக்குப் பாடம் தானாக வந்துவிடும். படத்தில் இருக்கும் பொருள்களில் இன்று இல்லாதது எது என்று கேட்டால் போதும், அரை மணி நேரம் பேசுவார்கள்.

உயர்நிலை வகுப்பில் மாணவர்களைத் தனியாகத் தேடவிடும் முன் நாம் ஒருமுறை தேடிப் பார்த்துவிட வேண்டும். பழைய இதழ்களில் இனம், சாதி, பெண்கள் பற்றிய கொச்சையான சொற்கள் தயக்கமின்றி அச்சாகியிருக்கின்றன. கொலை, தூக்குச் செய்திகள் விலாவாரியாக வரும். எதைக் காட்டுவது, எதற்கு முன்விளக்கம் தேவை என்பது நம் பொறுப்பு. ஆங்கிலம் கடினமாக இருக்கும் என்ற கவலையும் நியாயமானதே. பத்து வரிக்கு மேற்படாத தந்திச் செய்தியைத் தேர்ந்தெடுங்கள். எங்கள் பள்ளி ஆங்கில ஆசிரியர் அதையே தம் வாசிப்புப் பயிற்சிக்கும் எடுத்துக்கொண்டார். எனக்கு ஒரு பாடவேளை மிச்சம்.

எடுத்த செய்திக்குக் கீழே இதழின் பெயர், ஊர், தேதி, பக்க எண், காப்பகத்தின் பெயர் ஆகியவற்றை எழுதும் பழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்திவிடுங்கள். பெரும்பாலான காப்பகங்களில் மேற்கோள் விவரத்தை எடுத்துத் தரும் பொத்தான் இருக்கிறது. படத்தை மட்டும் சேமித்து வைத்துவிட்டு, எங்கிருந்து எடுத்தோம் என்று தெரியாமல் இரண்டு நாள் அலைந்த அனுபவம் எனக்கு உண்டு.

பேச்சுப் போட்டியில் அந்த மாணவி எம்டனைப் பற்றியும் பேசினாள், செண்பகராமனைப் பற்றியும் பேசினாள். இருவரையும் ஒரே கப்பலில் ஏற்றவில்லை. நடுவர் ஒருவர் பிறகு அவளைக் கூப்பிட்டு, முக்கியமானதை விட்டுவிட்டாயே அம்மா என்றாராம். அவள் தன் குறிப்பேட்டை எடுத்துக் காட்டியிருக்கிறாள்.

'ட்ரோவ்' தளத்தில் ஒரு வசதி உண்டு. கணினி தவறாகப் படித்த வரியைப் படத்தோடு ஒப்பிட்டு யார் வேண்டுமானாலும் திருத்தலாம். உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் கோடிக்கணக்கான வரிகளை இப்படித் திருத்தியிருக்கிறார்கள். ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் ஐந்து பேர் ஆய்வகத்துக்கு வந்து, எங்களை இரண்டு நாள் அலையவிட்ட ஒரு செய்தியைத் திறந்து, கப்பல் பெயரில் உடைந்து கிடந்த 'எம்' எழுத்தைச் சரிசெய்துவிட்டுப் போனார்கள்.